கப்பல் ஏற எந்த ஏர்போர்ட்டில் இறங்கலாம்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறைக்கு மத்தியதரைக் கடல் கப்பல் பயணம் கேட்டு வருகிறவர்கள் இந்த வருஷமும் நிறைய. அதில் பலர் கப்பல் அறையை எங்களிடம் முடித்துவிட்டு, “ஃப்ளைட் டிக்கெட்டை நாங்களே பார்த்துக்கறோம்” என்கிறார்கள். தாராளமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், எங்களுக்கு அதில் வருத்தமில்லை. எந்த விமான நிலையத்தில் இறங்குவது என்பதை மட்டும் டிக்கெட் விலையை வைத்து முடிவு செய்துவிடாதீர்கள். கப்பல் நிற்கிற இடத்தை வைத்து முடிவு செய்யுங்கள். இந்த மடல் அதற்காகத்தான்.

கப்பல் கம்பெனி விளம்பரத்தில் ஊர் பெயர் இருக்கும், கப்பல் அந்த ஊரில் இருக்காது. ‘ரோம்’ என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். பயணக் கப்பல் நிற்பதோ சிவிட்டாவெக்கியா துறைமுகத்தில், ரோமிலிருந்து வடமேற்கே சுமார் 70 கிலோமீட்டர் தள்ளி. சென்னையில் வண்டி ஏறலாம் என்று சொல்லிவிட்டுக் காஞ்சிபுரத்துக்கு வரச் சொல்வது போல. ‘ஃபுளோரன்ஸ்’ என்றால் லிவோர்னோ, ‘பாரிஸ்’ என்றால் லெ ஆவ்ர், ‘லண்டன்’ என்றால் பெரும்பாலும் சவுத்தாம்ப்டன். ஆகவே விளம்பரத்தை மறந்துவிட்டு, புக்கிங் தாளில் ‘எம்பார்க்கேஷன்’ (கப்பல் ஏறும் இடம்) என்ற வரியைப் பாருங்கள். அங்கே இருக்கும் துறைமுகத்தின் பெயரைத்தான் வரைபடத்தில் தேட வேண்டும்.

ரோம் கப்பலையே எடுத்துக்கொள்வோம். ரோமுக்கு இரண்டு விமான நிலையங்கள். ஃபியூமிசினோ பெரியது, நகரத்துக்கு மேற்கே கடலோரமாக இருக்கிறது. துபாய், தோஹா, அபுதாபி வழியாகச் சென்னையிலிருந்து போகிறவர்கள் இறங்குவது இங்கேதான். சியாம்பினோ சிறியது, நகரத்துக்குத் தென்கிழக்கே இருக்கிறது. ஐரோப்பாவுக்குள் பறக்கும் மலிவு விலை விமானங்கள் அங்கே போகும். இரண்டையுமே டிக்கெட் தளங்கள் ‘ரோம்’ என்றுதான் காட்டும். ஃபியூமிசினோவில் இறங்கினால் ஊருக்குள் போகவே வேண்டாம், கடலோர நெடுஞ்சாலையில் காரில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் துறைமுகம். சியாம்பினோவில் இறங்கினால் ரோமைச் சுற்றும் வட்டச்சாலை நெரிசலில் புகுந்து, நகரத்தின் மறுபக்கத்துக்கு வந்து, பிறகுதான் துறைமுகச் சாலையைப் பிடிக்க முடியும். லண்டனில் மகன் வீட்டில் தங்கிவிட்டு அங்கிருந்து ரோம் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். டிக்கெட்டில் மிச்சம் பிடித்த பணம் டாக்ஸியில் போய்விடும்.

ஃபியூமிசினோவிலிருந்து ரயிலிலும் போகலாம். ரயில் என்றதும் எல்லோரும் லியனார்டோ எக்ஸ்பிரஸ்ஸைத்தான் சொல்வார்கள். 32 நிமிடத்தில் ரோமின் மைய ரயில் நிலையமான டெர்மினி ஸ்டேஷன், 14 யூரோ. ரோமில் தங்கப் போகிறவர்களுக்கு அது நல்ல வண்டி. நேரே கப்பலுக்குப் போகிறவர்களுக்கு அது சுற்று. அவர்கள் எஃப்.எல்.1 என்ற சாதாரண ரயிலில் 8 யூரோ கொடுத்து ஏறி, டிராஸ்டெவரே ஸ்டேஷனில் இறங்கி, அங்கே சிவிட்டாவெக்கியா ரயிலுக்கு மாறினால் போதும். ஆனால் ஒன்று: பிளாட்பாரம் மாறும்போது பெட்டியை நீங்கள்தான் தூக்க வேண்டும், நம்மூர் போல ஓடிவர போர்ட்டர் கிடையாது. சிவிட்டாவெக்கியாவில் இறங்கியதும் கப்பலும் எதிரே நிற்காது. லார்கோ டெல்லா பாச்சே என்ற இடத்துக்குப் போய், அங்கிருந்து துறைமுகப் பேருந்தில் கப்பலடிக்குப் போக வேண்டும். கையில் ஆளுக்கொரு பெட்டியோடு போகும் இளம் ஜோடிக்கு ரயில் சரி. அப்பா அம்மாவும், ஊறுகாய் பாட்டில் வைத்த நான்கு பெரிய பெட்டிகளும் சேர்ந்து வந்தால் வேன்தான் சரி. டாக்ஸி நூறு யூரோவைத் தாண்டும், ஆனால் நான்கு பேருக்கு அதைப் பிரித்துப் பார்த்தால் மனம் சமாதானமாகிவிடும்.

வெனிஸ் கதை இன்னும் சிக்கல். பழைய வீடியோக்களில் பிரம்மாண்டமான கப்பல் சான் மார்க்கோ சதுக்கத்தை உரசுவது போலப் போகுமே, அந்தக் காட்சி இப்போது இல்லை. 2021 ஆகஸ்ட் 1 முதல் 25,000 கிராஸ் டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் அந்தப் பக்கமும் ஜூடெக்கா கால்வாயிலும் வரக் கூடாது என்று இத்தாலி அரசு தடுத்துவிட்டது. கப்பல்கள் கலைந்து ஆளுக்கொரு பக்கம் போயின. சில மார்கெரா என்ற தொழிற்பேட்டைத் துறைமுகத்துக்கு, சில ட்ரியெஸ்டேக்கு, சில ராவென்னாவுக்கு. விளம்பரத்தில் மட்டும் ‘வெனிஸ்’ அப்படியே இருக்கிறது, பக்கத்தில் பொடி எழுத்தில் ராவென்னா.

மார்கெரா என்றால் கவலையில்லை. வெனிஸின் மார்க்கோ போலோ விமான நிலையத்திலிருந்து காரில் சிறிது தூரம்தான். ராவென்னா என்றால் கணக்கே வேறு. அது வெனிஸிலிருந்து தெற்கே சுமார் 150 கிலோமீட்டர், சாலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல். கப்பல் நிற்பதும் ராவென்னா ஊரில் அல்ல, ஊரைத் தாண்டிக் கடலோரத்தில் போர்ட்டோ கோர்சினி என்ற இடத்தில். இதற்குச் சரியான விமான நிலையம் போலோன்யா. காரில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். துபாயிலிருந்து எமிரேட்ஸ் போலோன்யாவுக்கே பறக்கிறது, ஆகவே சென்னையிலிருந்து ஒரே ஒரு இடத்தில் மாறினால் போதும். வெனிஸ் பார்க்க வேண்டும் என்பவர்கள் இரண்டு நாள் முன்னதாக வெனிஸில் இறங்கி, பார்த்துவிட்டு, ரயிலில் ராவென்னா போகலாம். கப்பல் ஏறும் நாளில் மார்க்கோ போலோவில் இறங்கி அங்கிருந்து ராவென்னாவுக்கு விரட்டுவது மட்டும் வேண்டாம்.

ட்ரியெஸ்டே அழகான ஏற்பாடு. கப்பல் நகரின் பிரதான சதுக்கத்துக்குப் பக்கத்திலேயே நிற்கும். அந்த ஊரின் சிறிய விமான நிலையத்துக்குத் தனி ரயில் நிலையமும் உண்டு. நம்மூரிலிருந்து அங்கே போகத்தான் விமானங்கள் குறைவு. அதனால் வெனிஸில் இறங்கி, ஒரு இரவு தங்கி, காலை ரயிலில் போவதையே பெரும்பாலும் சொல்கிறோம். அப்புறம், வெனிஸ் என்ற பெயரை ஒட்டிக்கொண்டு ட்ரெவிசோ என்று இன்னொரு விமான நிலையம் தேடலில் வரும். மலிவாக இருக்கிறதே என்று அதைத் தொடாதீர்கள்.

பார்சலோனாவில் இந்தத் தலைவலி எதுவும் இல்லை. எல் பிராட் விமான நிலையத்திலிருந்து கப்பல் டெர்மினலுக்கு டாக்ஸியில் அரை மணி நேரம்கூட ஆகாது. விமான நிலையத்துக்கும் கப்பல் துறைக்கும் இடையே நிர்ணயித்த கட்டணமும் உண்டு, மீட்டரைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. ஜிரோனா, ரேயுஸ் என்ற இரண்டு ஊர்களின் விமான நிலையங்களைச் சில தளங்கள் ‘பார்சலோனா’ என்று சேர்த்துக் காட்டும். இரண்டுமே ஏறக்குறைய 90, 100 கிலோமீட்டர் தூரம். ஏதென்ஸ் என்றால் யோசிக்கவே வேண்டாம். ஒரே விமான நிலையம், அங்கிருந்து பிரேயஸ் துறைமுகத்துக்கு நேரடி மெட்ரோ, ஒரு மணி நேரப் பயணம். நடு ராத்திரியில் இறங்கினாலும் எக்ஸ் 96 பஸ் ஓடும்.

இதற்கெல்லாம் மேலே ஒன்று இருக்கிறது, பலருக்குத் தெரியாதது. எம்.எஸ்.சி., கோஸ்டா போன்ற கம்பெனிகளின் ஏழு இரவு மேற்கு மத்தியதரைப் பயணம் ஒரு வட்டம். ஜெனோவா, மார்செய், பார்சலோனா, சிவிட்டாவெக்கியா என்று வாரம் முழுக்கச் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த வட்டத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட துறைமுகங்களில் பயணிகளை ஏற்றுகிறார்கள். அதே கப்பல், அதே ஊர்கள், ஏறுகிற இடம் மட்டும் வேறு. அதாவது, விமான நிலையம் சரிப்படவில்லை என்றால் துறைமுகத்தையே மாற்றிக்கொள்ளலாம். ஜெனோவாவில் ஏறும்படி எடுத்துவிட்டு, ஜெனோவாவுக்கு நல்ல விமானம் கிடைக்காமல், மிலான் மால்பென்சாவில் இறங்கி 150 கிலோமீட்டருக்கு மேல் ரோட்டில் போவதைவிட, பார்சலோனாவில் ஏறுவது எவ்வளவோ மேல். எங்களைக் கேட்டால், முதல் முறை போகிறவர்களுக்கும் வயதானவர்களுக்கும் நாங்கள் கை காட்டுவது பார்சலோனாவைத்தான். கப்பல் அறை நூறு யூரோ கூடினாலும் சரி.

எந்த ஊரானாலும் கப்பல் கிளம்பும் நாளன்று போய் இறங்காதீர்கள். முந்தின நாளே போய்விடுங்கள். மாலை ஐந்து மணிக்குக் கப்பல் என்றால் ஐந்து மணி வரை வாசல் திறந்திருக்கும் என்று அர்த்தமில்லை. ஒரு மணி நேரம் முன்பே, சில கம்பெனிகளில் 90 நிமிடம் முன்பே செக்-இன் மூடிவிடுவார்கள். விமானம் தாமதம் என்று கப்பல் காத்திருக்காது. அடுத்த துறைமுகத்தில் போய் ஏறிக்கொள்ளலாம்தான், ஆனால் கம்பெனி சம்மதிக்க வேண்டும், செலவு உங்களுடையது.

நீங்கள் நேரத்துக்குப் போய், பெட்டி வரவில்லை என்றாலும் அதே கஷ்டம்தான். பெட்டி தோஹாவிலோ துபாயிலோ தங்கிவிட்டால் மறுநாள் விமானத்தில் வந்துவிடும். நீங்கள் ஹோட்டலில் இருந்தால் பெட்டி ஹோட்டலுக்கு வரும். நீங்கள் கப்பலில் இருந்தால் பெட்டி உங்களைத் துறைமுகம் துறைமுகமாகத் துரத்த வேண்டும். பெட்டி வராவிட்டால் விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே லக்கேஜ் கவுன்டரில் புகார் எழுதி, எண் போட்ட தாளை வாங்கிவிடுங்கள். போர்டிங் பாஸில் ஒட்டிக் கொடுக்கும் சின்ன லக்கேஜ் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள், அங்கே முதலில் கேட்பது அதைத்தான். பிரஷர், சர்க்கரை மாத்திரைகளும் ஒரு மாற்று உடையும் கைப்பையில் இருக்கட்டும்.

டிக்கெட்டை ஒரே பி.என்.ஆரில் போடுங்கள். சென்னையிலிருந்து துபாய்க்கு ஒரு டிக்கெட், அங்கிருந்து ரோமுக்கு வேறு கம்பெனியின் மலிவு டிக்கெட் என்று தனித்தனியாக வாங்கினால், முதல் விமானம் தாமதமாகும்போது இரண்டாவது கம்பெனி பொறுப்பேற்காது. பெட்டியையும் நடுவில் எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டியிருக்கும். பார்சலோனாவில் ஏறி ரோமில் இறங்குகிற பயணமானால் ‘மல்டி சிட்டி’ என்று தேடுங்கள். இரண்டு ஒன்வே டிக்கெட்டுகளைவிடப் பெரும்பாலும் குறைவாகவே வரும்.

இமிகிரேஷன் எங்கே என்பதும் விமானத்தைப் பொறுத்தது. வளைகுடா வழியாகப் போனால் ரோமிலோ பார்சலோனாவிலோ இறங்கிய பிறகுதான் ஷெங்கன் (ஒரே விசாவில் போகக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) இமிகிரேஷன் கவுன்டர். ஃபிராங்க்ஃபர்ட்டில் மாறினால் அங்கேயே முடிக்க வேண்டும், அதன் பிறகுதான் அடுத்த விமானம். ஒரு மணி நேர இடைவெளியை நம்பி அங்கே மாறாதீர்கள். 2025 அக்டோபர் 12 முதல் கைரேகையும் முகப் படமும் எடுக்கும் புதிய பதிவு முறை தொடங்கியிருக்கிறது, முதல் முறை பதிகிறவர்களுக்கு நேரம் கூடுதலாகும். மூன்று மணி நேரமாவது விடுங்கள்.

விசாவும் இதோடு சேர்ந்ததுதான். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும், சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டிடம். கப்பல் ஒரு நாள் பிரான்ஸ், ஒரு நாள் ஸ்பெயின் என்று போய்க்கொண்டிருப்பதால், நீங்கள் விமானத்தில் இறங்கி ஹோட்டலில் தங்கும் அந்த ஓரிரு இரவுகளே பல நேரம் நாட்டைத் தீர்மானித்துவிடும். அதனால் ஊரை முடிவு செய்துவிட்டு விசாவுக்குப் போங்கள். இத்தாலிக்கு விண்ணப்பித்த பிறகு, மலிவாகக் கிடைத்தது என்று பார்சலோனாவுக்கு டிக்கெட்டை மாற்றாதீர்கள். விண்ணப்பத்துக்கு முன்பதிவுத் தாள் போதும், பணம் திரும்பாத டிக்கெட்டை விசா கைக்கு வரும் முன் வாங்க வேண்டாம். கிரீஸ் பயணத்தில் துருக்கியின் குஷாதாசி இருந்தால் ‘மல்டிபிள் என்ட்ரி’ (பல முறை நுழையலாம்) ஷெங்கன் விசா கேளுங்கள், துருக்கிக்குத் தனி விசா வேண்டுமா என்பதையும் கப்பல் கம்பெனியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சவுத்தாம்ப்டனில் ஏறி நார்வே போகிறவர்களுக்கு பிரிட்டன் விசா ஒன்று, ஷெங்கன் விசா ஒன்று. சவுத்தாம்ப்டனுக்குப் போக லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்தில் இறங்குவதுதான் வசதி, அங்கிருந்து நேரடி பஸ்ஸும் உண்டு.

திரும்பும் நாளுக்கும் ஒரு வார்த்தை. கப்பல் விடிகாலையில் கரையைத் தொட்டாலும் எல்லோரும் இறங்கி, பெட்டி எடுத்து, வெளியே வர ஒன்பது மணியாகிவிடும். ஃபியூமிசினோவிலிருந்து மதியம் இரண்டு மணிக்கு முன் கிளம்பும் விமானத்தை எடுக்காதீர்கள். இத்தாலியில் ரயில், விமான வேலைநிறுத்தங்கள் அடிக்கடி வரும், தேதியை முன்னதாகவே அறிவித்துவிடுவார்கள். பயணத்துக்கு முந்தின வாரம் நாங்கள் பார்த்துச் சொல்கிறோம்.

டிக்கெட்டை நீங்களே போடுவதானாலும், பணம் கட்டும் முன் அந்தத் திரையை அப்படியே ஒரு படமெடுத்து எங்கள் வாட்ஸ்அப்புக்கு அனுப்புங்கள், கப்பல் புக்கிங் தாளோடு. ஊர் பெயரை அல்ல, விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீடு தெரிகிற மாதிரி. பார்த்துச் சொல்வதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. மே, ஜூன் மாதம் கிளம்புகிறவர்கள் விசா நேரம் கிடைப்பதைப் பொறுத்து இப்போதே தொடங்குவது நல்லது. பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம்.

அன்புடன்,
உங்கள் பயண ஏற்பாட்டாளர்கள்