அடுத்த பத்தியையும் வாசியுங்கள்

ஆசிரியருக்கு,

வத்திக்கான் 2023 டிசம்பர் 18-ல் ஆசீர் (ஆசீர்வாதம்) பற்றி வெளியிட்ட அறிக்கையை, தன்பாலினத் திருமணத்துக்குத் திருச்சபை தந்த சம்மதம் என்று இன்னும் பலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அப்படி எதுவும் அதில் இல்லை. திருமணம் ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் இடையிலானது என்ற போதனை அப்படியே இருக்கிறது. தன்பாலின இணையர் வந்து கேட்டால் குருவானவர் ஆசீர் கொடுக்கலாம்; ஆனால் தனிச் சடங்கோ திருமண உடையோ கூடாது. சில நொடிகளில் முடிகிற ஆசீர்தான் என்று அடுத்த மாதமே விளக்கமும் வந்தது. அதையே ஆப்பிரிக்க ஆயர்கள் தங்கள் கண்டத்தில் சரிப்படாது என்று சொல்லிவிட்டார்கள்!

சரி, அது பெரியவர்கள் விவகாரம். எனக்கு உறுத்துவது வேறு. திருச்சபையின் மறைக்கல்வி நூல் தன்பாலின உறவைத் தவறு என்கிறது. அதைப் பிரசங்கத்தில் பலமுறை கேட்டிருக்கிறேன். அடுத்த பத்தி, எண் 2358, இந்த ஈர்ப்பு உள்ளவர்களை மரியாதையோடும் பரிவோடும் ஏற்க வேண்டும், அநியாயமாக ஒதுக்குவதன் சாயல்கூட இருக்கக் கூடாது என்கிறது. நாற்பது வருடமாகப் பூசைக்குப் போகிறேன், இதை வைத்து ஒரு பிரசங்கமும் கேட்டதில்லை. ஈர்ப்பு இருப்பதே பாவம் என்று திருச்சபை சொல்லவில்லை என்பதுகூட எங்கள் ஆட்களில் பலருக்குத் தெரியாது.

எனக்குத் தெரிந்த ஒரு தகப்பனார், இந்த ஈர்ப்பு இருக்கிறது என்பதற்காக மகனை வீட்டைவிட்டே அனுப்பிவிட்டார். பையன் இப்போது கோயில் பக்கம் வருவதில்லை. அம்மா மட்டும் தினமும் வருகிறார். வீடு மந்திரிக்க, அதாவது வீட்டை ஆசீர்வதிக்க, வரும் பங்குச் சாமியார் அந்த வீட்டில் கூடுதலாகப் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் போகலாம்.

– கத்தோலிக்க வாசகர் ஒருவர்