தாரி தேவி கோயில்ல நிறுத்துறோம், படிச்சிடுங்க

எல்லாருக்கும் வணக்கங்க. பத்ரிநாத் போற வழியில தாரி தேவி கோயில்ல கண்டிப்பா நிறுத்துறோம், கட்வால் ஸ்ரீநகர் தாண்டினதும் வரும், ரோட்டுலேர்ந்து படி இறங்கிப் போனா அலக்நந்தா தண்ணிக்கு மேல தூண்ல நிக்குது, உள்ள எங்க பார்த்தாலும் பக்தர்கள் கட்டின மணிதான். அம்மனோட மேல்பாதி இங்க, கீழ்பாதி காளிமட்ங்கிற ஊர்க் கோயில்ல இருக்குன்னு நம்பிக்கை. காலையில சின்னப் பொண்ணா, மத்தியானம் பெரியவளா, சாயந்திரம் பாட்டியா முகம் மாறும்னு சொல்வாங்க. 2013 ஜூன்ல நீர்மின் அணைக்காக சிலைய இடம் மாத்தின உடனேதான் அந்தப் பெரிய கேதார்நாத் வெள்ளம் வந்துச்சு, அதனால ஊர் ஜனங்களுக்கு அவ மேல அவ்ளோ பயபக்தி. முட்டி வலி உள்ளவங்க முன்னாடியே சொல்லிடுங்க, திரும்பி ஏறணும்ல, பொறுமையா கூட்டிட்டுப் போலாம்.