மாயக்காளையும் வகுப்பறைக்குள் அழைத்து வாருங்கள்

அன்புள்ள வரலாற்று ஆசிரியர்களுக்கு,

வணக்கம். ஜாலியன்வாலாபாக் எந்த ஆண்டு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். அது நடந்து ஓராண்டு நிறையப் பத்து நாள் இருக்கும்போது, 1920 ஏப்ரல் 3 அன்று, உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் பெருங்காமநல்லூரில் போலீஸ் சுட்டது. 16 உயிர்கள் போயின. அதில் ஒருத்தி மாயக்காள். குண்டடிபட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனவள். இந்தப் பெயரைச் சொன்னால், நான் பார்த்த பிள்ளைகள் திருதிருவென்று விழிக்கிறார்கள்.

அந்த ஊர்க்காரர்கள் செய்தது என்ன? கைரேகை வைக்க மாட்டோம் என்றார்கள். சில சமூகங்களைப் பிறப்பாலேயே குற்றவாளிகள் என்று முத்திரை குத்திய குற்றப் பரம்பரைச் சட்டம் 1871-ல் வடக்கே வந்தது, 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. பிரமலைக் கள்ளர், குறவர் என்று பல சமூகங்கள் அதில் சிக்கின. பத்து விரலையும் மையில் உருட்டிப் பதிக்க வேண்டும். ராத்திரி சொந்த வீட்டில் படுக்க முடியாது. போலீஸ் கண்ணெதிரே போய்ப் படுக்க வேண்டும். வெளியூர் போகச் சீட்டு வேண்டும். ராதாரிச் சீட்டு என்பார்கள். நேற்றுத் தாலி கட்டிய மாப்பிள்ளையானாலும், பதிவேட்டில் பெயர் இருந்தால் அவனுக்கும் இதே விதிதான். ஒரு பொருளைத் தொட்டிருக்க வேண்டாம், பிறந்ததே போதும்.

இதை ஒரு சாதியின் கதை என்று ஒதுக்கிவிடாதீர்கள். இந்த மக்களுக்காக வழக்காடிய ஜார்ஜ் ஜோசப், இன்றைய கேரளத்துச் செங்கன்னூரில் பிறந்த கிறிஸ்தவர். மதுரையில் வக்கீலாக இருந்தார். மக்கள் அவரை 'ரோசாப்பூ துரை' என்று கூப்பிட்டார்கள். பிள்ளைகளுக்கு ரோசாப்பூ என்றே பெயரும் வைத்தார்கள். 1938-ல் அவர் இறந்தபோதும் சட்டம் அப்படியே இருந்தது. 1947-ல்தான் இந்த மாகாணத்தில் அது ஒழிந்தது.

அப்புறம், 'தென்னாட்டு ஜாலியன்வாலாபாக்' என்ற அடைமொழி வேண்டாமே. பெருங்காமநல்லூர் என்ற பெயரே போதும்.

ஏப்ரலில் தேர்வு நெருக்கும், தெரியும். மார்ச்சிலேயே ஒரு பாடவேளை ஒதுக்குங்கள். ஒரு ஸ்டாம்ப் பேடு, ஒரு வெள்ளைத்தாள் போதும். விருப்பப்படும் மாணவர் ஒருவர் பத்து விரலையும் பதிக்கட்டும். அந்த மை காய்வதற்குள் மாயக்காளைப் பற்றிச் சொல்லத் தொடங்குங்கள்.

அன்புடன்,
ஒரு வரலாற்று வாசகர்