பலகையிலிருந்து பார்

அன்புள்ள மகளுக்கு,

லண்டன் நேஷனல் கேலரியில் 15-ஆம் நூற்றாண்டு இத்தாலிய ஓவியர் பியரோ டெல்லா ஃபிரான்செஸ்கா வரைந்த கிறிஸ்து பிறப்பு ஓவியத்தைப் பார்த்துவிட்டு, "பாதியிலேயே விட்டுட்டாராப்பா?" என்று கேட்டிருந்தாய். உனக்கு மட்டும் வந்த சந்தேகமில்லை. ஆய்வாளர்கள் பலரும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்தார்கள். 2022-இல் அதன் சீரமைப்பை முடித்த ஜில் டங்கர்டன் வேறு முடிவுக்கு வந்தார்: ஓவியர் முடித்துத்தான் வைத்தார், பின்னால் வந்தவர்கள் அளவுக்கு மீறிச் சுத்தம் செய்து மேல் வண்ணப்பூச்சைப் போக்கிவிட்டார்கள். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. ஏன் என்று புரிய, அடியிலிருந்து மேலே வரவேண்டும்.

அடியில் இருப்பது பாப்லர் பலகை. ஏறக்குறைய 124க்கு 123 செ.மீ. இத்தாலியில் தாராளமாகக் கிடைத்த மரம். இலேசானது, மென்மையானது, பூச்சிக்கும் அது பிடிக்கும். அதன் முகத்தில், வண்ணத்துக்கு அடித்தளமாக, தோலைக் காய்ச்சி எடுத்த வச்சிரப் பசையில் ஜிப்சம் குழைத்துப் பூசுவது அந்தக்காலப் பட்டறை வழக்கம். முதலில் கொரகொரப்பானது, பிறகு ஒரு மாதமாவது தண்ணீரில் போட்டுத் தினமும் கிளறி மிருதுவாக்கியது. இந்த இரண்டாவதை எட்டுப் பூச்சு போலப் போடுவார்கள். சுமாராக ஒரு பங்கு வச்சிரத்துக்குப் பத்துப் பங்கு தண்ணீர். வச்சிரம் குறைந்தால் பூச்சு மாவாக உதிரும். கீழ்ப்பூச்சைவிட மேற்பூச்சில் கூடினால், காயும்போது அது இழுத்துக் கீழ்ப்பூச்சையும் பெயர்த்துவிடும்.

முகம் இப்படி அடைபட்டிருக்க, பின்பக்கம் வெறும் மரம். காற்றின் ஈரத்தை அது மட்டும் வாங்குவதும் விடுவதுமாக இருப்பதால், காலப்போக்கில் பின்பக்கம் சுருங்கி, பலகை முன்பக்கம் புடைத்துக்கொள்ளும். அதை நிமிர்த்துகிறோம் என்று 19-ஆம் நூற்றாண்டில் பல பலகைகளுக்குப் பின்னால் மரச்சட்டங்களை அடித்து இறுக்கினார்கள். மரம் இழையின் குறுக்கே விரியும், சுருங்கும். அதற்கு இடம் கொடுக்காவிட்டால் பிளக்கும். பலகை ஓவியத்தில் நேர்கோடாக ஓடும் விரிசலைக் கண்டால், முதலில் மர இழை எந்தப் பக்கம் ஓடுகிறதென்று பார்.

இனி நிறம். இது எண்ணெய் வண்ணம். முகத்தின் உருட்சியும் நிழலும் கடைசியில் இழுக்கும் மெல்லிய பூச்சில் இருக்கின்றன. பழைய வார்னிஷை எடுக்கக் காரநீரையோ ஆல்கஹாலையோ போட்டு அழுத்தித் துடைத்தால், வார்னிஷோடு அந்தப் பூச்சும் போய்விடும். மிஞ்சுவது அடிநிறமும் கீழே இருந்த கோட்டுச் சித்திரமும்தான். இங்கே மிக மோசமாக அடிபட்டவை ஆட்டிடையர்களின் முகங்கள். இப்போது நீ பார்க்கும் முகங்கள் சீரமைப்பில் நிரப்பியவை. அது அதிகப்படி என்று சிலர் முணுமுணுத்தார்கள். முகமில்லாத இடையர்களைவிட இது மேல் என்பேன். நிரப்பும் வண்ணத்தை மூலத்துக்குச் சேதமில்லாமல் பிறகு எடுத்துவிடலாம் என்பதால் துணிந்தே சொல்கிறேன்.

அடுத்த முறை கூரைமேல் இருக்கும் மேக்பை பறவையைப் பார். ஓயாமல் கத்தும் பறவை, அங்கே கப்சிப் என்று உட்கார்ந்திருக்கிறது. கழுதைதான் தேவதூதர்களின் பாட்டோடு சேர்ந்து கத்துகிறது. யோசேப்பு அதன் சேணத்தின்மேல் கால்மேல் கால் போட்டு, உள்ளங்கால் தெரிய உட்கார்ந்திருக்கிறார். பிறகு ஓரமாகப் போய், சாய்வாக விழும் வெளிச்சத்தில் பூச்சின் மேடுபள்ளங்களைப் பார். கைப்பையைத் தோளிலிருந்து இறக்கிவிட்டுக் குனி.

அன்புடன்,
அப்பா