மூப்பர வரவழைச்சா வரணும்

ஆசிரியர் அவர்களுக்கு ஸ்தோத்திரம். சபைய வழிநடத்துற மூப்பர்கள் பத்தி போன மாசம் உங்க பத்திரிகைல வந்த கட்டுரைய ரெண்டு தடவ படிச்சேன், தகுதி பத்தி நல்லா எழுதியிருந்தீங்க ஆனா அந்தப் பட்டம் படுத்துற பாடு பத்தி ஒரு வரி கூட இல்லையேன்னுதான் எழுதுறேன்.

எங்க சபையில மூப்பர்னா இப்ப கல்யாணப் பத்திரிகைல பேருக்கு முன்னாடி போடுறது, கன்வென்ஷன் நோட்டீஸ்ல போட்டோ வர்றது. போட்டோ வரிசை மாறிப்போச்சுன்னு ஒருத்தர் ரெண்டு வாரம் ஆராதனைக்கே வரல. போன வருஷம் அம்மா படுத்த படுக்கையா கிடந்தப்போ, பைபிள்ல யாக்கோபு 5:14ல இருக்கே, வியாதிப்பட்டா சபையின் மூப்பர்கள வரவழைக்கணும்னு, அத நம்பி நாலு பேருக்கும் போன் போட்டேன், ஒருத்தரும் வரல. வந்தது எந்தப் பொறுப்புலயும் இல்லாத தையக்கார தாத்தா ஒருத்தர், வேகாத வெயில்ல சைக்கிள் மிதிச்சு வந்தார். சட்டப்பைல இருந்து சின்ன குப்பி எண்ணெய எடுத்து அம்மா நெத்தில தொட்டு வச்சு ரொம்ப நேரம் ஜெபம் பண்ணினார், எந்திரிச்சு போகும்போது ரேஷன் வாங்கியாச்சாம்மான்னு கேட்டார்.

தீத்துவுக்கு எழுதின நிருபம் 1ஆம் அதிகாரத்துல 5ஆம் வசனத்துல மூப்பர்னு சொன்ன அதே ஆள 7ஆம் வசனத்துல கண்காணி, அதாவது மேற்பார்வை பாக்குறவர்னு சொல்றார் பவுல். அப்போஸ்தலர் 20லயும் அப்படித்தான், எபேசு சபை மூப்பர்கள மிலேத்துவுக்கு வரவழைச்சு, ஆவியானவர் உங்கள கண்காணிகளா வச்சிருக்கார் மந்தைய பாத்துக்கோங்கன்னு சொல்றார். மூப்பர்ங்கிறது ஆளோட பக்குவம், கண்காணிங்கிறது அவர் பாக்குற வேலை. (நமக்கு கண்காணின்னா தேயிலைத் தோட்டத்துல ஆளுங்கள விரட்டி வேலை வாங்குற கங்காணிதான் ஞாபகம் வருது, அதுவும் ஒரு கஷ்டம்.) அவ்வளவு பெரிய அப்போஸ்தலன் பேதுருவே மூப்பர்களுக்கு எழுதும்போது தன்ன 'உடன்மூப்பன்'னுதான் சொல்லிக்கிறார், இறுமாப்பா ஆளாதீங்க மந்தைக்கு மாதிரியா இருங்கன்னு கேக்குறார். சி.எஸ்.ஐ.ல (தென்னிந்தியத் திருச்சபைல) ஆயர பிரஸ்பிட்டர்ங்கிறாங்களே அதுவும் மூப்பர்ங்கிற கிரேக்கச் சொல்லுதான், பிரஸ்பிட்டேரியன் சபைக்கு பேரே அதுலருந்து வந்ததுதான், அங்க சபை நிர்வாகத்த பாஸ்டர் தனியா முடிவு பண்ண முடியாது, மூப்பர்களோட உக்காந்து பேசித்தான் பண்ணணும்.

அடுத்த மாசம் எங்க சபைக்கு புது மூப்பர் தெரிஞ்செடுக்கிறாங்க. நான் அந்த தாத்தா பேரச் சொல்லப்போறேன். எனக்கு எதுக்கும்மா இதெல்லாம்னுதான் கேப்பார், இருந்தாலும் சொல்லத்தான் போறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருநெல்வேலி