கிடங்கில் 240 இருக்கிறது, உங்கள் திரையில் மைனஸ் 200

வாடிக்கையாளர் சேவை மேலாளருக்கு,

வணக்கம். கொள்முதல், இருப்பு, பில், கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்கும் உங்கள் ஈஆர்பி மென்பொருளை வாங்கி ஓட்டிக்கொண்டிருக்கும் ஒரு உதிரிபாக மொத்த வியாபார நிறுவனத்தில் கிடங்குக் கணக்கு பார்ப்பவன் நான். இதே பிரச்சினைக்கு உங்கள் உதவிப் பிரிவில் மூன்று புகார் டிக்கெட் போட்டாயிற்று. மூன்றையும் "தீர்க்கப்பட்டது" என்று மூடிவிட்டீர்கள், அதனால்தான் கடிதம். இதையும் டிக்கெட்டாக்கி மறுபடி அதே ஆளிடம் தள்ளிவிடாமல் தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

பேரிங்கை நாங்கள் பெட்டிக் கணக்கில் வாங்குகிறோம், ஒரு பெட்டியில் 12. இருப்பு வைப்பதும் பில் போடுவதும் உருப்படிக் கணக்கில். பழைய மென்பொருளிலிருந்து பொருள் பட்டியலை உங்கள் ஆட்கள் ஏற்றியபோது, பெட்டிக்கு எத்தனை என்ற இடத்தில் 12-க்குப் பதிலாக 1 ஏறிவிட்டது. ஒன்றிரண்டு பொருளுக்கு இல்லை, 340 பொருளுக்கு. நாங்கள் கொடுத்த எக்செல் கோப்பில் அந்த எண் சரியாகத்தான் இருக்கிறது, கோப்பை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இதனால் என்ன ஆனது என்று ஒரே ஒரு பொருளை வைத்துச் சொல்கிறேன். 40 பெட்டி வந்திறங்கியது, ஜிஆர்என் (சரக்கு வரவுப் பதிவு) போட்டோம், இருப்பில் 480 ஏற வேண்டியது 40 என்று ஏறியது. அதில் 240 விற்றோம். கிடங்கில் போய் எண்ணினால் மீதி 240 இருக்கிறது, திரையில் மைனஸ் 200. அதோடு போனதா? ஒரு பெட்டியின் விலை முழுவதும் ஒரே உருப்படியின் தலையில் விழுந்து அடக்க விலை 12 மடங்கு ஆகிவிட்டது, எங்களுக்கு நல்ல லாபம் தரும் சரக்கெல்லாம் அறிக்கையில் பெரு நஷ்டத்தில் கிடக்கிறது, கணக்காளர் அதைப் பார்த்துவிட்டு இந்தச் சரக்கை வாங்குவதையே நிறுத்திவிடலாமா என்று முதலாளியிடம் கேட்கும் அளவுக்குப் போய்விட்டது. எதை எவ்வளவு வாங்க வேண்டும் என்று ராத்திரியில் தானாக ஓடிக் கணக்கிடும் தேவைத் திட்டமோ அதற்கும் ஒரு படி மேல். மைனஸைக் கண்டதும் 200 வாங்கச் சொல்லி கொள்முதல் ஆர்டரைத் தயாரித்து வைத்தது. 200 உருப்படி இல்லை, 200 பெட்டி! அதன் கணக்கில் இரண்டும் ஒன்றுதானே. 2400 பேரிங். கொள்முதல் பிரிவில் இருக்கும் பெண் காலையில் அதைப் பார்த்துவிட்டு, "அண்ணா, இது இப்பத்தானே வந்து இறங்கிச்சு?" என்று கேட்டதால் தப்பித்தோம்.

இதற்கு நீங்கள் கொடுத்த பதில்களைப் பாருங்கள். முதல் டிக்கெட்டுக்கு, "பயனர்களுக்குப் பயிற்சி போதவில்லை." 340 பொருளில் ஒரே பிழையை எங்கள் ஆட்கள் கையால் தட்டிச் செய்தார்களாம். இரண்டாவதற்கு, இருப்பைச் சரிசெய்யும் பதிவு ஒன்று போட்டுக்கொள்ளுங்கள் என்றீர்கள். போட்டால் எண்ணிக்கை அன்றைக்குச் சரியாகும், அடக்க விலை சரியாகாது, அடுத்த சரக்கு வந்ததும் எண்ணிக்கையும் பழையபடி ஆகிவிடும். தவிர, எங்கிருந்தோ 440 பேரிங் முளைத்ததாக ஒரு பதிவு இருந்தால் தணிக்கையாளருக்கு யார் பதில் சொல்வது?

மூன்றாவதுதான் உச்சம். மைனஸ் இருப்பை அனுமதிக்கும் அமைப்பை எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அணைத்துவிட்டு டிக்கெட்டை மூடினீர்கள். மறுநாள் காலை பில்லே வரவில்லை. சரக்கு அலமாரியில் இருக்கிறது, வாங்க வந்தவர் எதிரில் நிற்கிறார், இருப்பு இல்லை என்கிறது திரை. மதியம் வரை துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்து அனுப்பினோம். 1999-இல் ஹெர்ஷி சாக்லேட் நிறுவனம் புது மென்பொருளுக்கு மாறி, ஹாலோவீன் சமயத்தில் கிடங்கில் சரக்கு இருந்தும் சுமார் 10 கோடி டாலர் ஆர்டரை அனுப்ப முடியாமல் தவித்தது உங்கள் துறையில் எல்லாருக்கும் தெரிந்த கதை. அந்தக் கதையை எங்கள் சிறிய கிடங்கில் நடத்திக் காட்டியதற்கு நன்றி.

கதை என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. முதல் கூட்டத்தில் உங்கள் திட்ட மேலாளர் ஜெர்மனியின் லிடில் என்ற பல்பொருள் அங்காடி நிறுவனத்தைப் பற்றிச் சொன்னார். சரக்கைக் கொள்முதல் விலையில் மதிப்பிடும் தங்கள் வழக்கத்தை விடாமல் மென்பொருளை வளைக்கப் போய், சுமார் 50 கோடி யூரோ செலவான பிறகு 2018-இல் திட்டத்தையே கைவிட்டார்கள், அதனால் நீங்களும் உங்கள் வசதிக்கு மாற்றச் சொல்லிக் கேட்காதீர்கள் என்றார். சரி என்று நாங்களும் எதையும் மாற்றச் சொல்லவில்லை. இப்போது பெட்டிக்கு 12 என்பதைச் சரிசெய்ய சேஞ்ச் ரிக்வெஸ்ட் (மாற்றக் கோரிக்கை) என்று பெயர் வைத்துத் தனிக் கட்டணம் கேட்கிறீர்களே, இது என்ன நியாயம்? 1960-களில் பொருள் தேவையைக் கணக்கிடப் பிறந்த எம்ஆர்பி (பொருள் தேவைத் திட்டமிடல்) மென்பொருள்தான் வளர்ந்து வளர்ந்து, 1990-இல் கார்ட்னர் என்ற ஆய்வு நிறுவனம் வைத்த ஈஆர்பி என்ற பெயரில் வந்து நிற்கிறது. எத்தனை இருக்கிறது, எத்தனை வேண்டும் என்பது இந்த மென்பொருளுக்கு அரிச்சுவடி. அதைச் சரியாகச் செய்யச் சொல்வது கூடுதல் வசதியா?

எங்கள் பக்கமும் தவறு உண்டு, மறைக்கவில்லை. சோதனைக்கு எடுத்த பொருள்களெல்லாம் ஒற்றையாக வாங்கி ஒற்றையாக விற்பவை, அதைக் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டோம். ஆனால் பழையதையும் புதியதையும் ஒரு மாதம் சேர்த்து ஓட்டலாம் என்று கேட்டவர்களும் நாங்கள்தான், ஒரு வாரம் போதும் என்று முடித்தவர்கள் நீங்கள்தான். அந்த ஒரு வாரத்தில் பெட்டிச் சரக்கு எதுவும் வரவில்லை, பிழை எப்படித் தெரியும்?

இப்போது செய்ய வேண்டியது இது. 1-ஐ 12 ஆக்குவதோடு நின்றுவிடாதீர்கள். ஏற்கெனவே போட்ட ஜிஆர்என் எல்லாம் பழைய எண்ணிலேயே நிற்கும், அவற்றையும் திருத்தி முதல் நாளிலிருந்து அடக்க விலையை மறுபடி ஓட்ட வேண்டும். கணக்கு மூடிய மாதங்களைத் திறக்க நாங்கள் சம்மதிக்கிறோம், ஆனால் எந்தப் பதிவை யார் எப்போது மாற்றினார்கள் என்ற முழு விவரமும் எழுத்தில் வேண்டும். முதலில் சோதனை நகலில் செய்து காட்டுங்கள், நாங்கள் கிடங்கில் எண்ணிப் பார்த்துச் சரி என்ற பிறகு உண்மையான கணக்கில் கை வையுங்கள். அப்புறம், அந்தக் கட்டணச் சீட்டை ரத்து செய்து, முதல் டிக்கெட்டில் எங்கள் ஆட்கள் மேல் போட்ட பழியை நீக்கி எழுதுங்கள். அந்தப் பையன்கள் இரண்டு வாரம் ராத்திரி உட்கார்ந்து 340 பொருளையும் கையால் எண்ணியிருக்கிறார்கள்.

பத்து நாளில் இது தொடங்காவிட்டால் அடுத்த ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டோம். அந்த நிலைக்கு வந்தால் எங்கள் தரவு முழுவதையும் வேறு மென்பொருளில் ஏற்றக்கூடிய வடிவத்தில் தர வேண்டியிருக்கும். தரும்போது பெட்டிக்கு எத்தனை என்ற இடத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தாருங்கள்.

இப்படிக்கு,
கிடங்குப் பொறுப்பாளர்

இணைப்பு: எக்செல் கோப்பு, மூன்று டிக்கெட்டுகளின் நகல், 340 பொருள்களின் எண்ணிக்கைப் பட்டியல்