ஒற்றை எழுத்தில் வந்த பதில்

நாகர்கோவில்
மாசி 12

மக்களே,

நேற்று ராத்திரி "சாப்பிட்டியா" என்று கேட்டதற்கு உன்னிடமிருந்து "கே" என்று ஒரே எழுத்து வந்தது. அம்மை போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுக்கு என்ன அர்த்தம்?" என்றாள். தந்தி ஆபீசில் இருந்தவனுக்கு இது தெரியாமலா போகும் என்ற நினைப்பு அவளுக்கு.

தெரியும். மோர்ஸில் கே என்றால் கோடு, புள்ளி, கோடு. "நான் சொல்லி முடிச்சாச்சு, இனி நீ பேசு" என்று எதிர்முனைக்கு வழிவிடுகிற குறி அது. உங்கள் வாட்ஸாப்பில் நேர் எதிர். "ஓகே"யில் பாதியைத் தின்றுவிட்டு மிச்சத்தை வைத்தால் "போதும், நிறுத்து" என்றாகிறது. முழுசாக ஓகே என்றால் சம்மதம், அதற்குப் பின்னால் ஒரு முற்றுப்புள்ளி வைத்தால் கோபம், வெறும் கே என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வது. இவ்வளவும் உன் அக்காள் மகள் எனக்கு எடுத்த பாடம்.

சுருக்கி எழுதுவதை நான் குறை சொல்லவில்லை, கேட்டியா. ஓகே என்பதே 1839ல் பாஸ்டன் பத்திரிகை ஒன்று "ஆல் கரெக்ட்" என்பதை வேண்டுமென்றே பிழையாக எழுதி விளையாடியதில் வந்தது. "ஓ மை காட்" என்கிற ஓ.எம்.ஜி.யை 1917லேயே பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி ஃபிஷர் சர்ச்சிலுக்கு எழுதிய கடிதத்தில் போட்டிருக்கிறார். ரேடியோ தந்திக்காரர்கள் சிரிப்பதற்கு "ஹெச்.ஐ. ஹெச்.ஐ." என்று தட்டுவார்கள், சத்தமே சிரிப்பு மாதிரி இருக்கும். பட்டன் போனில் "ப்ளீஸ்" என்று இங்கிலீஷில் முழுசாக அடிக்க 13 அழுத்து, மூன்றெழுத்தாகக் குறுக்கினால் 8. எஸ் ஒன்றுக்கே 7ஆம் பட்டனை நாலு தடவை அழுத்த வேண்டும். ஒரு எஸ்.எம்.எஸ்.சுக்கு 160 எழுத்து, தமிழென்றால் 70தான். அன்றைக்குக் காரணம் இருந்தது. இப்போது எழுத்துக்கு யார் காசு கேட்கிறார்கள்?

விரித்தால் ஒரே அர்த்தம்தானே என்று நினைக்காதே. "டு பி ஹானஸ்ட்" என்று முழுசாக எழுதினால் படிக்கிறவன் நிமிர்ந்து உட்காருவான். அதையே டி.பி.எச். என்று சுருக்கினால் வெறும் தொண்டைக் கனைப்பு. வாய்விட்டுச் சிரிக்கிறேன் என்று எல்.ஓ.எல். போடுகிறவன் பெரும்பாலும் சிரிப்பதே இல்லை, சொன்னது உறைக்காமல் இருக்கச் சேர்க்கிறான். "எனக்குத் தெரியாது" என்பது ஒரு பதில். ஐ.டி.கே. தோளைக் குலுக்குவது.

ஆபீஸ் சோலியில் இதுதான் ஆளை விழவைக்கும். எஃப்.ஒய்.ஐ. என்றால் படித்து வைத்துக்கொள், எஃப்.ஒய்.ஏ. என்றால் நீதான் செய்யவேண்டும். கடைசி எழுத்தைக் கவனிக்காதவன் மாட்டுவான். "முடிந்தவரை சீக்கிரம்" என்கிற ஏ.எஸ்.ஏ.பி.யில் நேரமே கிடையாது. ஈ.ஓ.டி., அதாவது இன்றைக்கு வேலை முடிவதற்குள் என்றால் யாருடைய சாயங்காலம்? நியூயார்க்கில் 5 மணி ஆகும்போது உனக்கு விடியக்காலம் 3.30, அங்கே கோடையானால் 2.30. அதனால் தேதி, மணி, எந்த ஊர் மணி, மூன்றையும் எழுது. பதிலுக்கு "நோட்டட்" என்று போடாதே. எதைச் செய்வேன், எப்போது முடிப்பேன் என்று முழு வாக்கியமாக எழுது.

தோப்பில் இந்தத் தடவை தேங்காய் மோசமில்லை. அக்காள் வந்துபோனாள். அவள்தான் உன் மெசேஜைக் காட்டினாள், அவளைக் கோபிக்காதே. தை 2ஆம் தேதி "பி.ஐ.பி. போட்டுட்டாங்க" என்று எழுதியிருக்கிறாய், அவள் என்னவென்று கேட்டதும் என்.வி.எம். என்று முடித்துவிட்டாய். "ஒண்ணுமில்ல, விடு" என்பதைத் தமிழில் எழுதியிருந்தால் யாரும் விட்டிருக்க மாட்டோம், அதனால்தான் மூன்றெழுத்தில் போட்டாய் போலிருக்கிறது.

அகராதியில் பிப் என்றால் ஆரஞ்சு, ஆப்பிள் பழத்தின் விதை. டிவிக்காரனுக்குப் படத்துக்குள் படம். கம்பெனியில் என்னவென்றும் எனக்குத் தெரியும், வேலையில் தேறிக் காட்டு, இல்லாவிட்டால் வேலை போகும் என்கிற எச்சரிக்கை. 30 நாள், 60 நாள், 90 நாள் என்று கெடு வைப்பார்கள். உனக்கு எத்தனை நாள் என்று நான் கேட்கவில்லை. இன்றோடு நாற்பது நாள் ஆகிறது.

என்ன செய்தால் தேறினதாக எடுத்துக்கொள்வார்கள் என்பதை எழுத்தில் வாங்கு. வாரக் கூட்டம் முடிந்த அன்றே, பேசினதை முழு வாக்கியமாக எழுதி மெயில் போடு, அதில் சுருக்கம் வேண்டாம். ரோஷத்தில் அந்த இடத்திலேயே ராஜினாமா எழுதிக் கொடுக்காதே. எதில் கையெழுத்துக் கேட்டாலும் ஒருநாள் தவணை வாங்கிப் படித்துவிட்டுப் போடு. முழு வாக்கியம், மக்களே.

இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்பது வேறு விஷயம். தந்தியில் வார்த்தைக்கு வார்த்தை காசு. எண்ணி எண்ணியே பழகின வாய் வீட்டுக்கு வந்தும் எண்ணியது. இரண்டாம் வருஷம் இரண்டு பேப்பர் போய்விட்டது என்று நீ ஹாஸ்டலில் இருந்து போன் பண்ணினபோது, "செரி, வை" என்றேன். போனை வைத்தபிறகு ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை எனக்கு, சொல்ல நினைத்தது அவ்வளவு இருந்தது. மறுநாளும் கூப்பிட்டுச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எந்தத் தோல்வியையும் நீ என்னிடம் சொன்னதில்லை. இந்த "கே"யை நீ வாட்ஸாப்பில் கற்றுக்கொண்டதாக எனக்குத் தோன்றவில்லை.

வேலை நின்றாலும் நிற்கட்டும். நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் சாயங்காலம் ஏறினால் காலையில் இங்கே. மரச்சீனிக் கிழங்கு கிடக்கிறது, உன் கட்டிலும் அப்படியேதான் கிடக்கிறது. போன் பண்ணினால் இந்தத் தடவை நான் வைக்கமாட்டேன்.

அம்மையிடம் பி.ஐ.பி. என்றால் பழவிதை என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவள் கேட்டால் நீயும் அப்படியே சொல்லு.

அப்பா